மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதுகாப்பாக உட்கொள்வது: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சுகர் மாத்திரை" என்று கேட்டு மருந்துக் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நீட்டும் சீட்டில் இருப்பது மெட்ஃபார்மின், அல்லது மெட்ஃபார்மினோடு வேறொன்று சேர்ந்த கூட்டு மாத்திரை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்றாகப் பிரிந்திருக்கும் இந்தப் பகுதியில் மருந்தாளுநர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கேட்பவர்களிடம் ஒரு விசித்திரத்தைப் பார்க்கிறேன். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்து நல்ல உடல்நிலையில் அதை நிறுத்திவிடுகிறவர், வாந்தியும் பேதியுமாகப் படுத்திருக்கும் நாளில் மட்டும் ஒரு வேளையும் தவறாமல் விழுங்குகிறார். பயம் இருக்க வேண்டிய இடம் மாறிப் போயிருக்கிறது. கீழே உள்ள விடைகளில் பல அதைப் பற்றியவையே. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் மருத்துவரின் முடிவு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

மெட்ஃபார்மின் உடலுக்குள் என்ன செய்கிறது? ஏன் பெரும்பாலும் முதலில் இதையே எழுதித் தருகிறார்கள்?

இரவு முழுவதும் எதுவும் சாப்பிடாவிட்டாலும் காலையில் ரத்தத்தில் சர்க்கரை இருப்பதற்குக் காரணம், கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரையை உருவாக்கி விட்டுக்கொண்டே இருப்பதுதான். இரண்டாம் வகை நீரிழிவில் இந்த உற்பத்தி தேவைக்கு மேல் நடக்கிறது. மெட்ஃபார்மின் முக்கியமாக அதைத்தான் அடக்குகிறது. கூடவே தசைகள் இன்சுலினுக்குச் சற்று நன்றாக இணங்கவும் செய்கிறது. கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வேலையை அது செய்வதில்லை. ஆகவே தனியாக உட்கொள்ளும்போது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குவது அரிது, உடல் எடையும் ஏறாது.

இது நேற்று வந்த மருந்து அல்ல. கலேகா என்னும் ஐரோப்பியச் செடியில் உள்ள வேதிப்பொருளை ஒட்டி 1922இல் டப்ளினில் இது முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நீரிழிவு நோயாளிகளுக்குத் தந்து பார்த்ததை வெளியிட்டார். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994இன் இறுதியில்தான். உடல் பருமனான நீரிழிவு நோயாளிகளிடம் இது மாரடைப்பைக் குறைத்ததாக 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டிய பிறகு, உலகெங்கும் முதல் இடத்தைப் பிடித்தது. இதயச் செயலிழப்போ சிறுநீரகப் பாதிப்போ உள்ளவர்களுக்கு இப்போது வேறு வகை மாத்திரைகளையும் தொடக்கத்திலேயே சேர்க்கிறார்கள். விலை மலிவு என்பதால் இதைத் தரக் குறைவான மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

மெட்ஃபார்மின் மட்டும் உள்ள மாத்திரையைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்தவுடன் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதிகமாகும். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரையை நாளின் முதல் முக்கிய உணவுக்குச் சற்று முன்போ அதனுடனோ போடச் சொல்வார்கள். இங்கே ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது: தட்டில் இட்லியோ களியோ வந்த பிறகே மாத்திரை வாய்க்குப் போக வேண்டும். இந்தக் கூட்டு மாத்திரையைப் போட்டுவிட்டு, பேருந்தைப் பிடித்து, பாகாயத்திலோ காட்பாடியிலோ இறங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு வழியிலேயே மயக்கம் வருகிறது.

வழக்கமாக 500 மி.கி. அளவில் தொடங்கி, வாரக் கணக்கில் மெல்ல உயர்த்துவார்கள். ஒரு நாளைக்கு 2000 மி.கி. என்பது பெரும்பாலோருக்கு உச்ச அளவு.

மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து வயிறு சரியில்லை. இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். குமட்டல், வயிற்று உப்புசம், இளக்கமாகப் போவது, வாயில் உலோகச் சுவை ஆகியவை தொடக்கத்தில் பலருக்கு வரும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால், மருந்தை மெதுவாக வெளியிடும் வகைக்கு மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், பிஆர் என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். இந்த வகையை உடைக்கவோ, மெல்லவோ, பொடித்துக் கஞ்சியில் கலக்கவோ கூடாது, ஏனென்றால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் வெளியேறிவிடும். விழுங்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கில் ஒழுங்காக இருந்த வயிறு திடீரென்று கெட்டால் அதற்கு மெட்ஃபார்மின் காரணமாக இருப்பது அரிது. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மலத்தில் முழு மாத்திரையே வெளியே வருகிறதே?

அது காலிக் கூடு. மெதுவாக வெளியிடும் மாத்திரைகளில் மருந்து கசிந்து உள்ளே போன பிறகு, மேலுறை மட்டும் கரையாமல் வெளியேறுவது உண்டு. மருந்து வேலை செய்திருக்கிறது, இன்னொன்றைப் போடாதீர்கள்.

மாத்திரையின் பெயருக்குப் பின்னால் வரும் எம் 1, ஜி 2, வி, ஃபோர்ட் என்பவை என்ன?

எனக்கு விருப்பமான கேள்வி இது, ஆனால் கேட்பவர்கள் குறைவு. அட்டையைத் திருப்பி, பளபளக்கும் பின்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே எறும்பு வரிசை போல உள்ளடக்கம். அந்தச் சின்ன எழுத்துதான் மருந்து. "மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500 மி.கி." என்று மட்டும் இருந்தால் தனி மாத்திரை. அதோடு "கிளிமிபிரைடு 1 மி.கி." என்றும் இருந்தால் கூட்டு மாத்திரை, அதன் குணமே வேறு.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை சுரக்க வைக்கும். ஆகவே "எனக்கு மெட்ஃபார்மின்தானே, அது லோ சுகர் தராதே" என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் அட்டையில் கிளிமிபிரைடும் இருந்தால் அந்த நம்பிக்கை ஆபத்தானது.

பெயருக்குப் பின்னால் வரும் எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராமைக் குறிக்கும். கடையில் 1 தீர்ந்துபோய், "2 இருக்கு, அதே கம்பெனிதான்" என்று தந்தால், மெட்ஃபார்மின் மாறாமல் கிளிமிபிரைடு இரட்டிப்பாகிவிடுகிறது. ஃபோர்ட் என்று வந்தால் பல கம்பெனிகளில் மெட்ஃபார்மின் 1000 மி.கி. ஆக இருக்கும். வி என்பது ஒரு கம்பெனிக்கு வோக்லிபோஸ், இன்னொன்றுக்கு வில்டாகிளிப்டின்; இரண்டும் வெவ்வேறு சர்க்கரை மருந்துகள். இந்த எழுத்துகளுக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. எழுத்தை நம்பாதீர்கள், உள்ளடக்கத்தைப் படியுங்கள்; கண் தெரியவில்லையென்றால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

அரசு மாத்திரையும் தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரையும் இரண்டும் வருகின்றன. இரண்டையும் போடலாமா?

கேட்காமல் போடக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. கால் மரத்துப்போகிறது என்று டவுனில் இருக்கும் தனியார் மருத்துவரைப் பார்க்கும்போது அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவர் ஒரு கூட்டு மாத்திரையை எழுதுகிறார். அரசு தந்தது வெள்ளை வட்ட மாத்திரை, இவர் தந்தது வண்ண நீள மாத்திரை. இரண்டிலும் மெட்ஃபார்மின் இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, எந்த மருத்துவரிடம் போனாலும் மேசையில் கொட்டிக் காட்டுவது வெட்கப்பட வேண்டிய செயல் அல்ல. சீட்டைவிட அது தெளிவாகப் பேசும்.

தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆண்டுக் கணக்கில் கட்டுப்படாமல் இருக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சர்க்கரையை ஏறவிடுபவர், எதைக் காப்பாற்ற நினைத்தாரோ அதையே இழக்கிறார்.

அப்படியானால் மருத்துவர் ஏன் அடிக்கடி சிறுநீரகப் பரிசோதனை எழுதுகிறார்? மெட்ஃபார்மின் உடலில் சிதைவதில்லை. போன வடிவத்திலேயே சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் வேறு காரணத்தால் பழுதடைந்திருந்தால், வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்கும். தேங்கிய மருந்தோடு வேறொரு கடும் நோயும் சேரும்போது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். இது மிக அரிது: ஒரு லட்சம் பேர் ஓராண்டு முழுவதும் உட்கொண்டால் பத்துப் பேருக்கும் குறைவாகவே வருகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் என்ற பழைய மருந்து இந்த ஆபத்தை அதிகம் தந்ததால் 1977இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. மெட்ஃபார்மின் மீதுள்ள பயத்தில் ஒரு பங்கு அதனிடமிருந்து வந்தது.

பார்க்க வேண்டிய எண் இ-ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம். 60க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 45 முதல் 60 வரை தொடரலாம், பரிசோதனைகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். 30க்கும் 45க்கும் நடுவே புதிதாகத் தொடங்க மாட்டார்கள். ஏற்கெனவே உட்கொள்பவருக்கு அளவைப் பொதுவாகப் பாதியாக்குவார்கள். 30க்குக் கீழே போனால் நிறுத்தியாக வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேட்டினினை மட்டும் பார்த்து ஆறுதல் அடைவது பெரும் பிழை. கிரியேட்டினின் 1.3 என்ற ஒரே எண், 35 வயது ஆணுக்கு இ-ஜிஎஃப்ஆர் ஏறக்குறைய 73 என்றும், 70 வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 44 என்றும் கணக்காகும். முன்னவருக்கு முழு அளவு தரலாம், பின்னவருக்கு அளவைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆய்வகச் சீட்டில் இ-ஜிஎஃப்ஆர் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும் மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் நாள் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு, இரவு உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் வகை மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறார்களே, அதுதான். நீரிழிவு உள்ளவர் அதை மாதக் கணக்கில் போடுவதை மெட்ஃபார்மினோடு ஒப்பிடவே முடியாது.

எந்த நாட்களில் மாத்திரையைப் போடக்கூடாது?

வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத அளவு காய்ச்சல் ஆகியவற்றால் உடலில் நீர் வற்றும் நாட்களில் மெட்ஃபார்மினை நிறுத்தி வைக்க வேண்டும். நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும்; நேற்று வரை நன்றாக இருந்த சிறுநீரகம்கூட இரண்டு நாளில் தடுமாறும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் இது புத்தகப் பேச்சு அல்ல. வழக்கம்போல் உண்ணவும் குடிக்கவும் தொடங்கி ஒன்றிரண்டு நாட்கள் ஆன பிறகு மாத்திரையை மீண்டும் ஆரம்பிக்கலாம்.

சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளையும் அந்த நாட்களில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் முதலிய ரத்த அழுத்த மாத்திரைகளையும் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகளையும் என்ன செய்வது என்று தொலைபேசியிலாவது கேளுங்கள். இன்சுலின் போடுபவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் சர்க்கரை ஏறும். சாப்பிடவில்லையென்றால் கிளிமிபிரைடு வேண்டாம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. பேதி என்றதும் பக்கத்துக் கடையில் ஓஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த மாத்திரையை வாங்குவது நம் ஊர் வழக்கம். பெரும்பாலான பேதிக்கு அது தேவையே இல்லை. ஓஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை கிளிமிபிரைடு உட்கொள்பவருக்குச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடியவை. வயிற்றில் உணவில்லை, உள்ளே கிளிமிபிரைடு, மேலே ஓஃப்ளாக்சசின்: அரை மயக்கத்தில் அவசரப் பிரிவுக்கு வருவதற்கு இந்த மூன்றும் போதும்.

ஓஆர்எஸ் பொடியில் சர்க்கரை இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஒரு லிட்டரில் உள்ள குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்பும் நீரும் உடலில் ஏறுவதற்கு அது தேவை. உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர் எல்லாம் நல்லதே. எதைக் குடித்தாலும் வாந்தியாகிறது, சிறுநீர் நின்றுவிட்டது, மூச்சு வேகமாக வாங்குகிறது, ஆளை எழுப்ப முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எங்கள் நைனாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சில நாள் விடியற்காலையில் வியர்த்து, உளறுகிறார். என்ன செய்வது?

அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். கருவி இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் உறுதி. கருவி இல்லையென்றால் இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தேறவில்லையென்றால் இன்னொரு முறை தரலாம். தேறியதும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வைக்க வேண்டும்.

குளுக்கோஸ் பொடி என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால், சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைப்பது தாமதமாகும். வீட்டில் எல்லோரும் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கரைத்து ஊற்றினாலும் உடனே ஏறாது. குளுக்கோஸ் உடைபடத் தேவையில்லை, அப்படியே உறிஞ்சப்படும். ஆகவே அந்தச் சிறு டப்பா எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இனிப்புதானே என்று ஆற்காடு மக்கன் பேடாவை ஊட்டுவது பலன் தராது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். அதனால்தான் "நல்லாத்தானே இருக்கார்" என்று நீங்கள் சொன்னாலும் மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். இப்படி அடிக்கடி நடந்தால் அந்த மாத்திரையின் அளவு உங்கள் தந்தைக்கு அதிகம். முதியவர்களுக்குச் சர்க்கரையைக் கறாராக இறக்குவதைவிட, விழாமல் நடமாட வைப்பது முக்கியம் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சிடி ஸ்கேன், ஆஞ்சியோகிராம், அறுவை சிகிச்சை என்றால்?

ஸ்கேனுக்கு அயோடின் கலந்த சாய ஊசி போடுவார்களா என்று முதலில் கேளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இ-ஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் இருந்தாலோ, ஆஞ்சியோகிராம் போலத் தமனி வழியாகச் சாயத்தைச் செலுத்தினாலோ, மெட்ஃபார்மினை அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகப் பரிசோதனை செய்து, சரியாக இருந்தால் மீண்டும் தொடங்கச் சொல்வார்கள். சாயம் இல்லாத ஸ்கேனுக்கு இந்தக் கவலை இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன் டாபாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாட்கள் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கும், ஆகவே கடைசி நாளில் சொல்லிப் பயனில்லை.

மேல்விஷாரத்தில் இருக்கும் எங்கள் அத்தா ரமலான் நோன்பை விடமாட்டேன் என்கிறார். மாத்திரையை எப்படி மாற்றுவது?

ரமலான் பிறப்பதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு ஏற்பாடு எளிது. இரு வேளை போடுபவர் நோன்பு திறக்கும்போதும், விடியலுக்கு முன் உண்ணும் சஹரிலும் போட்டுக்கொள்ளலாம். மூன்று வேளை போடுபவருக்கு மதிய மாத்திரையை நோன்பு திறக்கும் வேளையோடு சேர்த்துத் தருவார்கள். நீடித்து வெளியிடும் மாத்திரை ஒரு வேளை என்றால் நோன்பு திறந்த பிறகு. கிளிமிபிரைடு இருந்தால் அதை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றி, தேவைப்பட்டால் அளவையும் குறைப்பார்கள். காலை மாத்திரையை அப்படியே சஹருக்கு மாற்றிக்கொள்வது தவறு.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் அன்றைய நோன்பைத் திறந்துவிட வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர், சமீபத்தில் கடும் லோ சுகர் வந்தவர் ஆகியோரை மருத்துவர் தடுத்தால், அது கண்டிப்பு அல்ல, அக்கறை. நோன்புக் கஞ்சி நல்லது. அதோடு வரும் பொரித்த பண்டங்களும் சர்பத்தும்தான் கணக்கைக் குலைக்கின்றன.

ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் விரதமிருந்து படியேறுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாப்பிடாத வேளைக்குக் கிளிமிபிரைடு கிடையாது என்பதையும், ஏறும்போது இடுப்பில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும் என்பதையும் முன்னாளிலேயே மருத்துவரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கால் மரத்துப்போவது சர்க்கரையாலா, மாத்திரையாலா?

இரண்டாலும் இருக்கலாம். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அதிக அளவில் உட்கொள்பவருக்கும் முட்டை, மீன், இறைச்சி தொடாதவருக்கும் வாய்ப்பு அதிகம். எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, சோர்வு, நாக்கு எரிச்சல், ரத்தசோகை ஆகியவை அறிகுறிகள். நீரிழிவு நரம்புப் பாதிப்பும் இதே மாதிரி இருப்பதால் பலர் "சுகர் இருந்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பி12 குறைவை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்துவிடலாம். அறிகுறி உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் இதைப் பரிசோதிக்கும்படி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அடுத்த வேளை உணவோடு வழக்கமான அளவைப் போடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள்.

மது அருந்தலாமா?

ஒரே நேரத்தில் அதிகமாகக் குடிப்பதும் தினமும் குடிப்பதும் மெட்ஃபார்மினோடு சேரக்கூடாது. லாக்டிக் அமிலம் பெருகும் ஆபத்து கூடும். சாப்பிடாமல் குடித்தால் லோ சுகரும் வரும், அதைச் சுற்றியிருப்பவர்கள் போதை என்றே நினைப்பார்கள்.

ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?

உணவாகச் சாப்பிடும் பாகற்காய்க்கும் வெந்தயத்துக்கும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள். தினமும் மருந்தளவில் சாறோ பொடியோ எடுத்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். என் கவலையெல்லாம், பெயரும் உள்ளடக்கமும் இல்லாமல், "பத்து நாளில் சுகர் போகும்" என்று சந்தையில் விற்கப்படும் பொடியைப் பற்றியது. மூலிகை என்று விற்கப்பட்ட பொருள்களில் கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் கலந்திருந்ததை வெவ்வேறு நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்து எச்சரித்துள்ளன. அந்தப் பொடி "உடனே கேட்கிறது" என்றால் அதன் காரணம் மூலிகையாக இல்லாமலும் இருக்கலாம்.

கர்ப்பம் தரித்தால்?

மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். ஆனாலும் சில கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் யோசித்து அதைத் தருகிறார்கள். பலருக்கு இன்சுலினுக்கு மாற்றுகிறார்கள். கூட்டு மாத்திரை உட்கொள்பவர் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பயந்து தானாக எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் குழந்தைக்கு நல்லதல்ல.

இப்போது சர்க்கரை நார்மல் என்று வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

நார்மல் ஆனது மாத்திரையும் சேர்ந்து செய்த வேலையால்தான். எடையை நன்றாகக் குறைத்து, உணவை மாற்றியவர்களில் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாத நிலை வருவது உண்மை. அதை மருத்துவர் ஹெச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துப் படிப்படியாகக் குறைத்துத்தான் தீர்மானிக்க முடியும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ஒரு சீட்டு அதற்குப் போதாது. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணை வாங்கிக்கொண்டு வருபவர்களை ஹெச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும்.

வெயில் காலத்தில் மாத்திரையை எங்கே வைப்பது? ஒருவித மீன் வாடை வருகிறதே, கெட்டுவிட்டதா?

குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. அட்டையில் எழுதியுள்ள வெப்ப அளவைத் தாண்டாத, ஈரமில்லாத இடம் போதும். அடுப்புக்கு மேலுள்ள பலகை, தகரக் கூரைக்கு நேர் கீழே, வண்டியின் பெட்டிக்குள் ஆகிய இடங்கள் வேண்டாம். லேசான மீன் வாடை மெட்ஃபார்மினுக்கு இயல்பானது. சில கம்பெனி மாத்திரைகளில் அதிகமாகத் தெரியும், அதனால் கேடில்லை. நிறம் மாறியிருந்தாலோ, நமுத்து உதிர்ந்தாலோதான் தூக்கிப்போட வேண்டும்.

கடையில் அட்டையை வெட்டி ஐந்தாறு மாத்திரையாக வாங்குபவர்கள், காலாவதித் தேதி அச்சிட்ட துண்டு தங்கள் கைக்கு வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தத் தேதியையும் தொகுதி எண்ணையும் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். 2020இல் அமெரிக்காவில் சில நிறுவனங்களின் நீடித்து வெளியிடும் மெட்ஃபார்மினில் என்டிஎம்ஏ என்ற மாசு அளவுக்கு மீறி இருந்ததால், குறிப்பிட்ட தொகுதிகளைத் திரும்பப் பெற்றார்கள். அப்படி ஒரு அறிவிப்பு வரும்போது வீட்டில் இருப்பது அதே தொகுதியா என்று பார்க்க அந்த எண் ஒன்றே வழி.